காலுக்கு வந்த வேலை

கிட்டார் வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் எந்நேரமும் வேலையில் இருக்கும். இடது கை கார்டைப் பிடித்திருக்கும், வலது கை தந்தியில் ஓடிக்கொண்டிருக்கும். டிரம் மிஷினோ விரலால் தட்டி இயக்குவதற்கென்று செய்த பெட்டி. பல்லவிக்கு ஒரு தாளக்கட்டு, சரணத்துக்கு வேறொன்று என்று மாற்ற வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குக் கையை எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். அதனால் பெரும்பாலானவர்கள் மிஷினை ஓடவிட்டு, ஒரே தாளக்கட்டின் மேல் அரைமணி நேரம் வாசித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்தச் சாதகத்தில் வேகம் பிடிபடும், பாட்டு பிடிபடாது. பல்லவி முடிந்து இண்டர்லூட் எடுக்கும் இடம், இண்டர்லூட் தணிந்து சரணத்தில் இறங்கும் இடம், இந்தத் திருப்பங்களில்தான் ஒரு குழு நிற்பதும் சரிவதும். அவற்றை மிஷினோடு தனியாக உட்கார்ந்து பழக எனக்கு வழிவிட்டது கால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைகள், மற்ற மாதங்களில் கல்யாண ரிசப்ஷன்கள். 1992-இல் 'ரோஜா' படம் வந்தது. அதன் பிறகு வந்த பாடல்கள் பலவற்றில் தாளத்தை கம்ப்யூட்டரிலும் மிஷினிலும் புரோகிராம் செய்திருந்தார்கள். அதற்கு முந்தைய பாடல்களில் பெரும்பாலும் தாளம் மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தது. சரணத்தில் ஒரு இழை ஏறும், பல்லவிக்குத் திரும்பும்போது தணியும். அது அழகாகவே இருக்கும். புரோகிராம் செய்த தாளத்தில் அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. கேசட்டில் அப்படிக் கேட்டுப் பழகிய ஜனங்கள் மேடையிலும் அதையே எதிர்பார்த்தார்கள். புதுப் பாட்டு ஒன்றை எடுத்து, இரண்டாவது சரணத்துக்குள் டெம்போ ஓடிவிட்டால், முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் கால் தடுமாறுவது மேடையிலிருந்தே தெரியும். ஒத்திகையில் எங்கள் டிரம்மர் அடிக்கடி சொல்கிற வார்த்தைகள் இரண்டுதான்: "ஓடுது", "இழுக்குது". யார் ஓடுகிறார், யார் இழுக்கிறார் என்பதைப் பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் விடுமுறைக்கு வரும்போது எனக்காக ஒரு அலெசிஸ் எஸ்.ஆர்-16 வாங்கி வந்தார். 1990-இல் வெளிவந்த மிஷின் அது. 233 ஒலிகள், தயாராக 50 தாளக்கட்டுகள், நாமே எழுதிக்கொள்ள இன்னும் 50 இடங்கள். ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் ஏ, பி என்று இரண்டு பகுதிகள். ஏ-யிலிருந்து பி-க்குப் போகும்போது ஒரு ரோல், பி-யிலிருந்து திரும்ப இன்னொரு ரோல். மிஷின்மேல் 'ஃபில்' என்று அச்சடித்திருந்தாலும் எங்களுக்கு அது ரோல்தான். கிட்டத்தட்ட பல்லவி, சரணம் என்ற நம் அமைப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பின்பக்கம் ஸ்பீக்கருக்குப் போகும் துளைகளோடு இன்னும் இரண்டு துளைகள். ஒன்று மிஷினை ஓடவிடவும் நிறுத்தவும். மற்றது ஏ, பி மாற்றவும் ரோல் அடிக்கவும். இரண்டுமே கால் பெடலுக்கானவை. பெட்டியோடு பெடல் வரவில்லை.

ரிச்சி தெருவுக்குப் போனேன். அப்போது அந்தச் சந்தில் ரேடியோ மெக்கானிக்குகளும் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்களும்தான் அதிகம். பழக்கமான ஒரு பாயின் கடையில் மிஷினின் கையேட்டைக் காட்டினேன். அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல பாட்டு போகாது தம்பி. ரெண்டு கம்பி தொட்டுச்சா இல்லையான்னு மட்டும்தான் அது பாக்கும்" என்றார். உண்மை அதுதான். வெளிநாட்டில் தனிப் பெயரோடு, தனிப் பெட்டியில் விற்கிற அந்தப் பெடலுக்குள் இருப்பது ஒரு சுவிட்ச் மட்டுமே.

ஆனால் எந்தச் சுவிட்ச் என்பதில்தான் விஷயம். பாய் கேட்ட முதல் கேள்வி: "புஷ் டு ஆனா, ஆன் ஆஃபா?" ஆன் ஆஃப் என்றால் ஒருமுறை அழுத்தினால் அப்படியே பிடித்துக்கொள்ளும், விடுவிக்க மறுபடி அழுத்த வேண்டும். புஷ் டு ஆன் என்றால் கால் இருக்கும்வரை தொடும், எடுத்தால் விட்டுவிடும். கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் ஓசை மாற்றுகிற பெடல்கள் பலவும் முதல் வகை. டிரம் மிஷினுக்கு வேண்டியது இரண்டாவது வகை. முதல் வகையை மாட்டினால் ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தும்போதுதான் மிஷின் கேட்கும். வீடுகளில் வாசலில் இருக்குமே காலிங் பெல் சுவிட்ச், அது சுத்தமான புஷ் டு ஆன். பாய் அதையே இரண்டு எடுத்துப் போட்டார். கூடவே இரண்டு பி-38 ஜாக், நாலு கஜம் ஷீல்டு வயர். அயனாவரத்தில் ஒரு தச்சர் சரிவாகச் செதுக்கிக் கொடுத்த மரக்கட்டையில் இரண்டு சுவிட்சையும் ஒரு சாண் இடைவெளியில் பதித்துத் திருகினேன்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. கடைகளில் வருகிற இரும்புக் குமிழ் வைத்த பெடல்கள் பூட்ஸ் போட்டு மிதிப்பவர்களுக்காகச் செய்தவை. நம் வீட்டில் யாரும் செருப்போடு உட்கார்ந்து சாதகம் செய்வதில்லை. கோயில் மேடையிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். வெறும் காலில் இரும்புக் குமிழை ஒரு மணி நேரம் மிதித்தால் பெருவிரலுக்குக் கீழே கன்றிப்போகும். காலிங் பெல் சுவிட்சின் அகலமான பிளாஸ்டிக் முகம் பாதத்துக்கு மெத்தென்று இருந்தது. இன்றைக்கும் வெறும் காலில் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, பியானோ மாதிரி நீளமான தகடு உள்ள சஸ்டெயின் பெடல் வாங்குங்கள் என்பதுதான். அதுவும் புஷ் வகைதான், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக இருக்கும். சிலவற்றில் மிதித்தால் கம்பி தொடும், சிலவற்றில் மிதித்தால் விலகும். பல கீபோர்டுகள் கரண்ட் போடுகிற நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அதையே ஓய்வுநிலை என்று வைத்துக்கொள்ளும். ஆன் செய்யும்போது பெடல்மேல் கால் இருக்கக் கூடாது. இருந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

பெடலை மாட்டி உட்கார்ந்ததும் தெரிந்த முதல் விஷயம், காலுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பது. பாட்டு வாசிக்கிற எவருக்கும் கால் தானாகத் தாளம் போடும். என் வலது கால் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காலைப் பெடல்மேல் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் ரோல் விழுந்தது. இடது காலைப் பெடலுக்குக் கொடுத்து வலது காலைத் தாளத்துக்கு விட்டேன். இடது கால் அதுவரை சும்மா இருந்த கால், எதையும் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மட்டும் இறக்க வேண்டும். முழுக் காலையும் தூக்கி மிதித்தால் தொடை அசையும், கிட்டார் தொடைமேல் இருப்பதால் அதுவும் அசையும், வலது கையின் அடி மாறும்.

அந்தச் சமயத்தில் எங்கள் தபலா மாஸ்டர் ஒருநாள் என் அறைக்கு வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா நாடக மேடைகளில் கால் ஆர்மோனியம் வாசித்தவர். இரண்டு காலாலும் துருத்தியை மாறி மாறி மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாசிப்பது; பாடவும் பாடுவார்களாம். என் மரக்கட்டையைக் குனிந்து பார்த்த மாஸ்டர், "எங்கப்பா சொல்லுவார் தம்பி, காலைப் பத்தி நெனைச்சா காத்து நிக்கும். நீ மொதல்ல கிட்டாரைக் கீழ வையி" என்றார். கிட்டார் இல்லாமல் வாயால் பாட்டைப் பாடிக்கொண்டு, காலால் மட்டும் மிஷினை நடத்தச் சொன்னார். பல்லவி பாடு, ரோல் போடு, சரணம் பாடு, ரோல் போடு. கிட்டாரே இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் அப்படிச் செய்தேன். இதைவிட நல்ல யோசனை இந்த விஷயத்தில் யாரிடமிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஓடவிடுகிற பெடலும் ரோல் பெடலும் குணத்தில் வெவ்வேறு. ஓடவிடுகிற பெடல் மிதித்த கணத்திலேயே மிஷின் முதல் அடியை அடிக்கும். ஆகவே 'ஒண்ணு' என்ற இடத்தில் பாதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 'ஒண்ணு' என்று நினைத்துக் கிளம்பினால் தாமதம். ரோல் பெடல் அப்படியில்லை. அந்த ஆவர்த்தம் முடிகிறவரை ரோல் ஓடி, அடுத்த ஆவர்த்தத்தின் முதல் அடியில்தான் பகுதி மாறும். அதனால் இங்கே துல்லியம் வேண்டாம், முன்யோசனை வேண்டும். 96 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில், நாலு அடி கொண்ட ஒரு பார் ஓடுவதற்கு இரண்டரை நொடி. அந்த இரண்டரை நொடிக்குள், கை இப்போதைய கார்டில் இருக்கும்போதே, மனசு அடுத்த வரியில் இருக்க வேண்டும். பாரின் தொடக்கத்தில் மிதித்தால் முழு பார் ரோல். மூன்றாவது அடியில் மிதித்தால் கடைசி இரண்டு அடிக்கு மட்டும் சின்ன ரோல். ஒரே பெடலில் பெரிய தீர்மானமும் சின்ன தீர்மானமும் வைக்கலாம் என்று தெரிந்த நாளில் மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு அது புதிதாக இல்லை. எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிப்பது என்பதுதானே அவர் ஆயுள் முழுக்கச் செய்தது.

டிரம்மர் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேடையில் அவர் சரணத்துக்கு ஒரு பார் முன்னாலேயே தலையைத் தூக்கிப் பாடகரைப் பார்ப்பதை வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறேன். ஏன் பார்க்கிறார் என்று யோசித்ததில்லை. என் காலுக்கு அந்த வேலை வந்த பிறகு நானும் அதே இடத்தில் தலையைத் தூக்க ஆரம்பித்தேன். இருவர் பார்வையும் பாடகர்மேல் ஒன்றாகப் போய்ச் சேரும். அதன் பிறகு திருப்பங்களில் எங்களுக்குள் ஜாடை தேவைப்படவில்லை.

மிஷின் வந்தால் ஆள் போய்விடும் என்ற பயம் அப்போது எல்லாக் குழுக்களிலும் இருந்தது. ஆதாரமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். பல சின்ன ரிசப்ஷன்களில் ஒரு கீபோர்டும் இரண்டு பாடகர்களும் மட்டும் போய் வேலையை முடித்து வந்த காலம் அது. அந்த வலியைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் மிஷினை நான் மேடைக்கு ஏற்றவே இல்லை. என் அறையில் அது சாதகத் துணை, அவ்வளவே. இந்த மிஷின்களின் கதையில் எனக்குப் பிடித்த இடமும் ஒரு கிட்டார்க்காரனிடம்தான் இருக்கிறது. 1980-இல் எல்.எம்-1 என்ற மிஷினை வடிவமைத்த ரோஜர் லின் ஒரு கிட்டார் வாசிப்பாளர். நிஜ டிரம்ஸின் ஓசையைப் பதிவுசெய்து சிப்பில் வைத்து வந்த முதல் மிஷின் அது. பிற்காலத்தில் அவரே காலால் இயக்கும் ஒரு கிட்டார் பெடலுக்குள் டிரம் மிஷினையும் சேர்த்து வெளியிட்டார். கை காலியில்லாதவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள் செய்த பொருள்.

இப்போது பி பகுதிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

எழுதிக்கொள்ள இருந்த 50 இடங்களில் ஒன்றில், ஏ பகுதியில் சாதாரணமான ஒரு நாலு அடித் தாளக்கட்டை எழுதினேன். பி பகுதியின் நீளத்தை 16 அடி, அதாவது நாலு பார் என்று வைத்து, அதில் எதையுமே எழுதாமல் விட்டேன். ரோல்களையும் காலி செய்தேன். அப்படியானால் ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது இடது காலை இறக்கினால் மிஷின் மௌனமாகிவிடும். நிற்காது. உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கும். நான் தனியாக வாசித்துக்கொண்டு போக வேண்டும். நாலாவது பாருக்குள் மறுபடி காலை இறக்கினால், அது முடிந்ததும் சரியான இடத்தில் டிரம்ஸ் வந்து விழும். அந்த முதல் அடி என் முதல் அடியோடு சேர்ந்து விழுந்தால் என் லயம் சரி. முன்னாலோ பின்னாலோ விழுந்தால் எவ்வளவு ஓடினேன், எவ்வளவு இழுத்தேன் என்று அந்த அடியே சொல்லிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 96 டெம்போவில் நாலு பார் என்பது சரியாகப் பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் 96-க்குப் பதிலாக 98-இல் வாசித்தால் ஐந்தில் ஒரு பங்கு நொடி முன்னால் வந்து நிற்போம். ஒரு அடியில் மூன்றில் ஒரு பங்கு. யார் காதுக்கும் தெரியும் தூரம் அது. 96-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசத்தை மிஷின் கூடவே ஓடும்போது யாராலும் உணர முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் அதைப் பிடித்துக்கொண்டு நம்மைத் திருத்திக்கொண்டே போகிறோம். திருத்துகிறோம் என்பதே தெரியாது. மெட்ரோனோம் கிளிக்கோடு மட்டும் பழகியவர்கள் கிளிக் இல்லாதபோது சரிவதற்குக் காரணம் இதுதான்.

காலின் பங்கு இதில் மிக முக்கியம் என்பதை இன்னும் ஒருபடி விளக்க வேண்டும். மௌனத்தைத் தானாக வந்து தானாகப் போகும்படியும் எழுதிவிடலாம்: நாலு பார் ஓசை, நாலு பார் மௌனம் என்று. அதையும் செய்து பார்த்திருக்கிறேன். அதில் நாம் வெறும் சோதனைக்கு உட்பட்டவர்கள். பெடலில் செய்யும்போது, மிஷினைப் போகச் சொல்வதும் நாம், திரும்பக் கூப்பிடுவதும் நாம். திரும்பக் கூப்பிடுகிற மிதி நாலாவது பாருக்குள் விழ வேண்டும். இழுத்துக்கொண்டு போயிருந்தால், நாம் நாலாவது பார் என்று நினைக்கிற இடத்தின் கடைசியில் மிஷின் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குள் போயிருக்கும். மிதி அதில் விழும். இன்னும் பத்து நொடி மௌனம் கிடைக்கும். அந்தக் கூடுதல் மௌனத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துத் தேறி வர வேண்டும். இப்படித் தேறி வருவதை வேறு எந்தச் சாதகமும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

பெரம்பூரில் என் மாடி அறையில் ராத்திரி ஹெட்ஃபோனில் இதைச் செய்வேன். கீழ்வீட்டுக்காரர்களுக்கு என் வலது கால் தாளம் மட்டும் கேட்கும் என்று அறிந்து, கட்டைக்கும் காலுக்கும் கீழே பாய் விரித்துக்கொண்டேன். ஒரு மாதம் போனதும் டிரம்மரே வந்து கேட்டார், தானும் அதில் உட்காரலாமா என்று. அவருக்காக 16 அடி மௌனத்தை 32 ஆக்கினேன். அவர் முதல் தடவையே முழுசாகச் சேர்ந்து வந்து விழுந்தார், பெடலையும் நான் சொல்லாமலே சரியாக இறக்கினார். பேஸ் டிரம் மிதித்து வளர்ந்த கால் அது. அவர் ஆனந்தமாகச் சிரித்த சிரிப்பில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

பிறகு சாப்புத் தாளங்களுக்குப் போனேன். அந்த மிஷினில் தாளக்கட்டின் நீளத்தை அடிக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து வைத்தால் கண்ட சாப்பு, ஏழு வைத்தால் மிஸ்ர சாப்பு. மேற்கத்திய டிரம்ஸ் ஓசையில் மிஸ்ர சாப்பு கேட்க முதலில் விசித்திரமாக இருக்கும். பேஸ் டிரம்மை ஒன்றிலும், ஸ்னேரை நாலிலும் ஆறிலும் வைத்தால், தகிட தகதிமி நன்றாகவே உட்காரும். ஏழில் ஒரு கஷ்டம் உண்டு: நாலு நாலாக எண்ணிப் பழகிய வலது கால் ஒற்றைப் படையில் தாளம் போட மறுக்கும். அதை அடக்கிவிட்டு மூன்று இடங்களில் மட்டும் போடும்படி பழக்கினேன். இடது கால் எந்தச் சிரமமும் தரவில்லை. அதற்குத் தாளம் எத்தனை என்பது தெரிய வேண்டியதில்லை, முடிவு எங்கே என்பது தெரிந்தால் போதும்.

இப்போது கால்பெடல் உருவத்திலேயே டிரம் மிஷின்கள் வருகின்றன. பீட்பட்டி என்ற ஒன்றில் ஒருமுறை மிதித்தால் ஆரம்பம், ஓடும்போது மிதித்தால் ரோல், மிதித்துப் பிடித்தால் அடுத்த பகுதிக்குத் தாவும். போனில் ஆப் போட்டு, நோட்டுப் பக்கம் திருப்புகிற புளூடூத் பெடலை அதோடு இணைத்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. புளூடூத்தில் ஓடவிடுகிற மிதியை நான் ஏற்பதில்லை, மிதிக்கும் ஓசைக்கும் இடையே ஒரு சின்னத் தயக்கம் அதில் இருக்கிறது, 'ஒண்ணு' நம் கையில் இருப்பதில்லை. ரோலுக்கும் மௌனத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், அங்கே மிஷினே பார் முடியும்வரை காத்திருக்கிறது.

என்னிடம் கிட்டார் கற்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே பெடல் கொடுத்துவிடுகிறேன். கார்டு மாற்றவே தெரியாதபோது எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்பார்கள். கார்டு மாற்றத் தெரியாதபோதுதான் இது எளிது. அவர்கள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாடிக் காலை இறக்குவதற்கு வெட்கப்படுவதில்லை. சமீபத்தில் ஒரு பத்து வயதுப் பெண், நாலு பார் மௌனத்தில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போய், மூன்றாவது பாரிலேயே காலை இறக்கிவிட்டு, "சார், இப்பவே கூப்பிட்டுட்டேன், அது வர்றதுக்குள்ள நான் பாடிக்கிறேன்" என்றாள். பாடினாள். மிஷின் வந்து அவளோடு சேர்ந்துகொண்டது. அடுத்த வகுப்புக்கு அவளுக்கு மிஸ்ர சாப்பில் 28 அடி மௌனம் எழுதி வைத்திருக்கிறேன்.